நூற்று எண்பத்திரண்டு கிலோ

சமீருல்லாவுக்கு அந்தச் சத்தம் எப்போது வேண்டுமானாலும் கேட்கும். டிக், டிக், டிக். மூன்று தடவை கேட்டு நின்றுவிடும். நான்காவதற்காக அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். வராது. ஒரு வருஷமாக ஒருநாள்கூட வந்ததில்லை.

அவன் வேலை பார்க்கும் இடமும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆம்பூருக்கு வெளியே தோல் ஜாக்கெட் தைக்கும் ஃபாக்டரி ஒன்றில் அவன் சாம்பிள் டெய்லர். அழுத்திப் பூட்டினாலும் இழுத்துத் திறந்தாலும் டிக்கென்று ஒலிக்கும் டிச் பட்டன்களை அங்கே நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆயிரம் டிக் அவனை ஒன்றும் செய்வதில்லை. மெஷின்கள் ஓய்ந்த பிறகு சாப்பாட்டு நேரத்தில் வரும். வீட்டில் குழாய் சொட்டும்போது வரும். தொழுகையில் நெற்றி தரையில் பட்டிருக்கும்போதும் வரும். மனைவி உமைமா ஒருநாள் கேட்டுவிட்டாள், "சோத்துல கைய வச்சிக்கிட்டு யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" அவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துச் சமாளித்தான்.

யாருக்காக என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பீரோவின் மேல் ஒரு பழைய பெட்டிக்குள் அவன் தைத்த ஜாக்கெட் ஒன்று கிடக்கிறது. அதன் மார்பில் எட்டு பட்டன். மூன்று திறந்திருக்கிறது, ஐந்து பூட்டியிருக்கிறது. அந்த மூன்றைத் திறந்தவன் ஷாஹித். திறந்தது தண்ணீருக்கு அடியில்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிறவர்கள் உண்டு, செருப்புத் தைக்கிறவர்கள் உண்டு என்று உலகத்துக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் ரேஸ் விடுகிறவர்களும் உண்டென்று அவர்கள் வீட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. பாலாறு லைட்வெயிட் கிளப் என்று பெயர். பெயர்தான் பெரிசு, மொத்தம் பத்தொன்பது பேர். நூற்று இருபத்தைந்து சிசிக்கு மேல் எஞ்சின் கூடாது என்பதுதான் அதன் மூலமந்திரம். தலைவர் ரஃபி அகமது, பச்சைத் தோல் வியாபாரி. கூட்டம் நடப்பது அவருடைய குடோனில், உப்புப் போட்டு அடுக்கிய தோல்களுக்கு நடுவில். மேடைத் தராசும் அங்கேயே இருக்கிறது. ஆட்டுத்தோல், மோட்டார் சைக்கிள், ஆள் எல்லாவற்றுக்கும் ஒரே தராசு.

செயலாளர் சமீருல்லா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று அவனிடம் விதி நோட்டைக் கொடுத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறவன் உள்ளே என்ன எழுதுவான் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த நோட்டில் இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஏழாவது விதி: வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், கூடுதலாக ஒரு போல்ட்கூடப் பூட்டக் கூடாது. நல்ல விதி. எவனோ கட்டியிருந்த இரும்புத் துண்டு கழன்று பறந்து இன்னொருவனின் முழங்காலைப் பெயர்த்த பிறகு வந்தது. எட்டாவது விதி: வண்டியும் ஓட்டுகிறவனும் உடுப்போடு சேர்ந்து நூற்று எண்பத்திரண்டு கிலோவுக்குக் குறையக் கூடாது. இது சமீருல்லா கொண்டுவந்தது.

சின்ன எஞ்சினுக்கு ஆள் கனம்தான் எமன். பத்து கிலோ கம்மியாக இருக்கிறவன் நேர்ப் பாதையில் நைஸாக முன்னால் போய்விடுவான். இப்படித்தான் அன்று கூட்டத்தில் அவன் வாதாடினான், அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவன் அதை நியாயத்துக்காகக் கொண்டுவரவில்லை. ஷாஹித்தைப் பின்னால் இழுக்கக் கொண்டுவந்தான். ஒரே தெருவில் வளர்ந்த தோஸ்த்துகள். ஷாஹித் நாற்பத்தெட்டு கிலோ, சமீருல்லா எழுபத்தாறு. நான்கு ரேஸில் தொடர்ந்து ஷாஹித் முதல், சமீருல்லா இரண்டாவது. நான்கு தடவையும் பல்லைக் காட்டிக்கொண்டு கை குலுக்கினான். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைப்பானேன்.

மெக்கானிக் சம்பத் மட்டும் அன்று வேறு வழி சொன்னார். "ஆளு லேசா இருந்தா எஞ்சின் மூச்சைக் கொஞ்சம் கம்மி பண்ணு. காத்து போற வழியில சின்ன ஓட்டை வச்ச வாஷர் ஒண்ணு போட்டா தீந்துச்சி."

"வாஷரை வழியில எடுத்துடுவாங்கண்ணா," என்றான் சமீருல்லா. "எடையை யாரும் எடுக்க முடியாது."

எல்லோரும் கை தட்டினார்கள். எடையை யாரும் எடுக்க முடியாது என்று தன் வாயால் சொன்னது பிறகு எத்தனையோ தடவை அவனுக்கு ஞாபகம் வந்தது.

ஷாஹித் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அவன் மறுநாளே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "வண்டியில ஒண்ணும் கட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே. என் மேல கட்டக் கூடாதுன்னு எங்கடா போட்டிருக்கே?" ஏழு கிலோ குறைந்தது அவனுக்கு. சமீருல்லா மனசு கேட்காமல் தானே தைத்துத் தருகிறேன் என்றான். ஈயத்தைப் பட்டையாகத் தட்டி, தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் சின்னச் சின்னப் பையாகத் தைத்து, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மார்பிலும் இறக்கினான். வெளியே ஒரு புடைப்புத் தெரியாது. அவ்வளவு நல்ல வேலை அவன் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை.

கனத்தில் ஜிப் தானாக இறங்கியது. அதனால் ஜிப்பின் மேல் ஒரு பட்டை வைத்து எட்டு டிச் பட்டன் அடித்தான். இருப்பதிலேயே கெட்டியான ரகமாகப் பார்த்து எடுத்தான். ஷாஹித் போட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிய்க்கத் திணறினான். "இதைக் கழட்ட இன்னொரு ஆளு வேணும் போலிருக்கேடா."

"நான் எதுக்கு இருக்கேன்? ரேஸ் முடிஞ்சதும் நானே கழட்டி விடறேன்," என்றான் சமீருல்லா.

போன ஜனவரியில் பாலாற்று மணலில் ரேஸ். தராசில் ஷாஹித்தின் கணக்கு நூற்று எண்பத்திரண்டு அரை காட்டியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் வளைவில் அவன் வண்டி வழுக்கிக் கரையைத் தாண்டியது. அந்தப் பக்கம் மணல் எடுத்த பள்ளம், மழைத் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்துக்கு நின்றிருந்தது. வண்டியும் அவனும் உள்ளே போனார்கள். எல்லோரும் ஓடினார்கள், ஆனால் அலறிக்கொண்டு ஓடவில்லை. ஷாஹித்துக்கு நீச்சல் என்றால் தண்ணீர் பட்ட பாடு. இதோ வந்துவிடுவான் என்று கரையில் நின்று சிரித்தவர்கள்கூட உண்டு. வராதபோதுதான் திமிரியிலிருந்து வந்திருந்த கிளப் ஆள் வசந்த் குதித்தான். இரண்டு தடவை மூழ்கி, மூன்றாவது தடவை இழுத்துக்கொண்டு வந்தான்.

கரையில் போட்டு நெஞ்சை அமுக்க ஜாக்கெட்டை எடுக்க வேண்டியிருந்தது. சமீருல்லா பாக்கெட்டிலிருந்த கட்டர் பிளேடால் பக்கத் தையலைக் கிழித்தான். எங்கே கிழித்தால் பிரியும் என்று அவனுக்குத்தான் தெரியும். ஷாஹித்தின் வலது கையில் கையுறை இல்லை. பட்டன் மூன்று திறந்திருந்தது. அவன் ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டான். முதலில் கையுறையைக் கழற்றியிருக்கிறான், பிறகு மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான் அவனுக்கு மூச்சு இருந்திருக்கிறது.

"என்னா கனம், அப்பப்பா," என்றான் வசந்த், நடுங்கிக்கொண்டே.

"ஈரத் தோலுப்பா, கனம்தான் இருக்கும்," என்றார் ரஃபி அகமது. அங்கே இருந்த அத்தனை பேரும் தொழிலோடு பிறந்தவர்கள். ஈரத் தோல் என்ன கனம் கனக்கும் என்று எல்லோருக்கும் கை பழக்கம். தொழில் தெரியாதவன் ஒருவன் இருந்திருந்தால் ஒருவேளை தூக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பான். இவர்களுக்குத் தொழில் தெரிந்ததே கண்ணை மறைத்துவிட்டது. தலையில் அடிபட்டிருக்கும் என்று பேசி முடித்தார்கள், போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. கூட்டத்தோடு கூட்டமாக சமீருல்லா ஜாக்கெட்டைச் சுருட்டித் தன் வண்டியில் வைத்துக்கொண்டான். அந்த நிமிஷம் அவன் நினைத்தது ஷாஹித்தை அல்ல, தன்னை. அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளைகள் அம்மி என்று கூப்பிடும் ஷாஹித்தின் அம்மா மட்டும் யார் போனாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நீச்சல் தெரிஞ்ச புள்ளை. எப்படிப்பா?" சமீருல்லா அந்தத் தெருவழியாகப் போவதை விட்டுவிட்டான்.

இந்த வருஷம் ஆற்றில் இல்லை. வசந்த் தன் குடும்பத்து நிலத்தை, திமிரிப் பக்கம் ஏரியை ஒட்டிய தரிசை, ரேஸுக்குத் தருகிறேன் என்றான். மறுபடியும் விதி பேசக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் ஷாஹித்தின் தங்கை புஷ்ரா சமீருல்லாவின் வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது, ஷூ ஃபாக்டரியில் தையல் செக்கிங் வேலை. அண்ணன் வண்டியில்தான் வேலைக்குப் போய்வருகிறாள்.

"நான் பேர் குடுக்கப் போறேன், சமீர் பாய். அண்ணன் வண்டியிலதான் ஓட்டுவேன்," என்றாள். "நான் நாப்பத்திமூணு கிலோ. கணக்குப் பாத்தா பன்னெண்டு கிலோ கம்மி. அண்ணன் சொல்லிக்கிட்டே இருக்கும், எடை கம்மியா இருந்தா சமீர் பாய் ஜாக்கெட்லயே பாத்துக்குவாருன்னு. எனக்கும் அதே மாதிரி பண்ணிக் குடுங்க. எப்படிப் பண்றதுன்னு அது சொல்லவே இல்ல."

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான். அவள் அளவு எழுதிய சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். தோள், மார்பு, கை நீளம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள். ஷாஹித்தின் அளவைவிட எல்லாவற்றிலும் இரண்டங்குலம் குறைவு. அன்று ராத்திரி முழுக்க டிக் சத்தம் அவனை உட்கார விடவில்லை.

ஞாயிறு மதியம் லுஹர் தொழுகை முடிந்து கூட்டம். சமீருல்லா பெட்டியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து ஒரு பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தான். அதை வெளியே எடுப்போமா என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஜாக்கெட் இல்லாமலே ஏதாவது பேசி எட்டாவது விதியை எடுத்துவிட முடிந்தால் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்று மனசின் ஒரு மூலை திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மனுஷ புத்தி அப்படித்தான்.

விதி பேசுவதென்றால் நம் ஆட்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. முதல் சண்டை சிலிண்டரில் ஆரம்பித்தது. பழைய வண்டியில் சிலிண்டர் தேய்ந்தால் உள்ளே கடைந்து, ஒரு மயிரிழை பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்பதுதான் பேச்சு.

"பாயிண்ட் அஞ்சு எம்எம் வரைக்கும் விடுங்க ரஃபி பாய்," என்றார் சம்பத். "பத்து வருஷம் ஓடின வண்டி. போர் பண்ணாம எப்படி ஓட்றது?"

"பாயிண்ட் அஞ்சு போட்டா ரெண்டரை சிசி ஏறும்ணா," என்றான் வசந்த். "நூத்தி இருபத்தஞ்சுன்னா நூத்தி இருபத்தஞ்சுதான். இன்னைக்கி பாயிண்ட் அஞ்சும்பீங்க, அடுத்த வருஷம் ஒண்ணும்பீங்க."

"உன் புது வண்டி மட்டும் இன்னா யோக்கியம்? கார்புரேட்டரே கெடையாது. சீட்டுக்குக் கீழ எஞ்சினை ஓட்ற கம்ப்யூட்டர் டப்பா ஒண்ணு இருக்குது. நீ அதுல லேப்டாப்பைச் சொருகி இன்னா வேலை பண்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் வண்டியையாவது தலையைக் கழட்டி அளந்து பாக்கலாம். உன் டப்பாவை எதை வச்சி அளக்கிறது?"

வாதம் முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் ரஃபி அகமது பஞ்சாயத்து பண்ணினார். பிஸ்டன் பாயிண்ட் இரண்டு ஐந்து வரை சரி. ஜெயிக்கிற முதல் மூன்று வண்டியின் எஞ்சினைத் திறந்து, ஆறவைத்து அளக்க வேண்டும். புது வண்டியின் டப்பாவுக்கு முதல் நாளே தோல் கட்டுக்கு வைக்கிற நம்பர் சீல் வைத்து மூடிவிட வேண்டும். சமீருல்லா ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினான். கை பழக்கத்தில் எழுதியது, புத்தி வெளியே வண்டியில் தொங்கும் பையில் இருந்தது.

அடுத்தது புஷ்ராவின் பேர். அவள் தோல் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். பெண்பிள்ளை ஓட்டலாமா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ரஃபி அகமது மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "பதினெட்டு முடிஞ்சிருக்கணும், லைசென்ஸ் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. வேற ஒண்ணும் போடலையே. இல்லாததை நாம ஏன் சொல்லணும்? அடுத்தது என்ன?"

வசந்த் எழுந்தான். அவன் கெட்டவன் இல்லை, கணக்குப் பார்க்கிறவன். "தப்பா எடுத்துக்காதீங்க பாய். அந்தப் பொண்ணு லேசு. நான் எழுபது கிலோ. எட்டாவது விதியை நூத்தி எண்பத்தஞ்சுன்னு மாத்துங்க. அப்பதான் சரியா இருக்கும்."

சமீருல்லா பேனாவை வைத்தான். "எட்டாவது விதியே வேணாம்னு நினைக்கிறேன்," என்றான். குரல் கம்மியாகத்தான் வந்தது. "எடுத்துடலாம்."

"கொண்டாந்ததே நீதானேப்பா?" என்றார் ரஃபி அகமது.

"ஆமா. இப்ப வேணாம்னு தோணுது."

"தோணுதுன்னா? காரணம் சொல்லு."

அவனிடம் காரணம் இருந்தது, வாய்தான் இல்லை. அதற்குள் புஷ்ரா பேசினாள். "எனக்காகப் பாவம் பாத்து எடுக்க வேணாம். நூத்தி எண்பத்தஞ்சே வைங்க. எவ்ளோ கம்மியோ அதை சமீர் பாய் ஜாக்கெட்ல சரி பண்ணிக் குடுத்துடுவாரு. எங்க அண்ணனுக்கும் அவருதான் பண்ணாரு."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"ஜாக்கெட்ல இன்னா சரி பண்றது?" என்றார் சம்பத்.

ரஃபி அகமது நல்ல மனுஷர். ஒருவன் திணறினால் கை கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். "தடிமனான தோலாப் பாத்துப் போட்டிருப்பான். எருமைத் தோலு போட்டா நாலு கிலோ சும்மாவே ஏறும். அதானேப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பெண்ணுக்கு எருமைத் தோலில் ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டு, எடை போதவில்லை, ஓட்ட முடியாது என்று கையை விரித்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவனுக்கும் ஒன்றும் ஆகாது. அவன் வாயைத் திறந்தான். சம்பத் ஏதோ யோசனையில் கையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவைத் தட்டினார். டிக், டிக், டிக். நிறுத்திவிட்டார்.

சமீருல்லா எழுந்து வெளியே போனான். பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, ஜாக்கெட்டைத் தராசின் மேல் வைத்தான். ஆற்றுச் சேறு காய்ந்து மடிப்புகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தராசில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பத்து கிலோ இருநூறு.

"இது இப்ப காஞ்சிருக்கு," என்றான். "ஈரம் ஒண்ணும் இல்ல. தோலு மூணு கிலோ சொச்சம். மீதி ஏழு கிலோ ஈயம். உள்ள நான்தான் வச்சித் தச்சேன்."

வசந்த் மெதுவாக வந்து குனிந்து ஜாக்கெட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். வைத்துவிட்டான். அந்தக் கனம் அவனுக்குத் தெரியும். "ஈரத் தோலுன்னு நினைச்சேன்," என்றான். "ஒரு வருஷமா, நான் சீக்கிரம் இழுத்திருந்தா பொழச்சிருப்பானோன்னு நினைச்சிக்கிட்டு இருக்கேன் பாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

இன்னொருவனும் தன்னைப் போலவே ஒரு வருஷம் தூங்காமல் கிடந்திருக்கிறான் என்பது சமீருல்லா யோசித்தே பார்க்காத விஷயம்.

"விதியைப் பொறாமையில கொண்டாந்தேன்," என்றான். "அவன் ஜெயிச்சிக்கிட்டே இருந்தான், அதான். சம்பத் அண்ணன் வாஷர் போடலாம்னு சொன்னாரு, நான்தான் கெடுத்தேன். இப்ப இந்தப் பொண்ணு பன்னெண்டு கிலோ கேக்குது. நீங்க பதினஞ்சு ஆக்கப் பாக்கறீங்க. ஏரிக்கரையில ஓட்டப் போறோம். என்னால தைக்க முடியாது. யாரையும் தைக்க விடவும் கூடாது."

புஷ்ரா எழுந்து வந்தாள். அழவில்லை. தராசின் பக்கத்தில் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஜாக்கெட்டைத் தொடாமல் பார்த்தாள். ஃபாக்டரியில் தையலைச் செக் செய்கிற கண் அது. எதையும் விடாது.

"அண்ணன் துணி எல்லாம் வந்துச்சி. இது மட்டும் வரல. ஆஸ்பத்திரியில தொலைஞ்சி போச்சின்னு நினைச்சோம்," என்றாள். "இந்த மூணு மட்டும் ஏன் திறந்திருக்கு?"

"நான் தொடல. அன்னைக்கி எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கேன். அது அவன் திறந்தது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். ரஃபி அகமது "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவள் நிமிர்ந்தாள். "ரேஸ் முடிஞ்சதும் சமீர் பாய்தான் கழட்டி விடணும், அவ்ளோ டைட்டுன்னு அண்ணன் அம்மிகிட்ட சொல்லிச் சிரிச்சிது. நீங்க கழட்டி விடறேன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன்."

"கழட்டுங்க."

ரஃபி அகமதுவின் கழுத்தில் சுற்று நேரம் பார்க்கிற ஸ்டாப்வாட்ச் தொங்கியது. ரேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டத்துக்கு அதை மாட்டிக்கொண்டு வருவது அவர் வழக்கம். புஷ்ரா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். சமீருல்லா அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். நான்காவது பட்டனைப் பிடித்தான். நகம் மடங்கியது. இழுத்தான்.

டிக்.

ஒரு வருஷமாகக் காத்திருந்த சத்தம். கேட்டதும் நெஞ்சில் ஏதாவது இறங்கும் என்று அவன் நினைத்திருந்தான். ஒன்றும் இறங்கவில்லை. சாதாரணப் பட்டன் சத்தமாகத்தான் இருந்தது. ஐந்தாவதில் துரு ஏறியிருந்தது, இரண்டு கையாலும் பிய்த்தான். ஆறு, ஏழு. எட்டாவது சுலபமாக வந்துவிட்டது. இன்னும் ஒன்று போராடித் திறந்திருந்தால் மற்றது எல்லாம் வந்திருக்குமோ என்று நினைப்பு ஓடியது. அந்த நினைப்பை அவன் இனி வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"பத்தொம்போது செகண்டு," என்றாள் புஷ்ரா. "அஞ்சு பட்டனுக்கு. தரையில, காத்தோட, ரெண்டு கையால, தச்ச ஆளே." ஸ்டாப்வாட்சை ரஃபி அகமதுவிடம் திருப்பிக் கொடுத்தாள். "எழுதுங்க சாச்சா. எடை விதி வேணாம். லேசா இருக்கறவங்களுக்கு சம்பத் அண்ணன் சொன்ன வாஷர். எனக்கும் போடுங்க. அப்புறம் இன்னொண்ணு. உடம்புல என்ன போட்டிருந்தாலும், ஓட்றவங்களே ஒத்தைக் கையால பத்து செகண்டுல கழட்டிக் காட்டணும். காட்டினாத்தான் வண்டியைத் தொடலாம்."

"ஓட்டெடுப்பு," என்று ஆரம்பித்த ரஃபி அகமது, யார் முகத்தையும் பார்க்காமலே நிறுத்திக்கொண்டார். "எழுதுப்பா," என்றார்.

செயலாளர் சமீருல்லாதான். வேறு யார் எழுதுவது. எட்டாவது விதியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே புதிதாக எழுதினான். கையெழுத்து முதல் தடவையாகக் கோணலாக விழுந்தது. சம்பத் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், அடுத்து வசந்த். வசந்த் போடும்போது சமீருல்லாவின் பக்கம் திரும்பவில்லை. இனி இந்தக் கிளப்பில் அவனுக்கு என்ன இடம் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நோட்டை மூடியபோது புஷ்ரா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஜாக்கெட்டைத் தூக்கிட்டு வாங்க, சமீர் பாய்."

"நீ எடுத்துக்கிட்டுப் போம்மா. உங்களுதுதான்."

"நான் தூக்க மாட்டேன். அம்மி தினமும் கேக்குது, நீச்சல் தெரிஞ்ச புள்ளை எப்படின்னு. நான் சொல்ல முடியாது. நீங்க வந்து சொல்லுங்க."

அவன் ஜாக்கெட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். ஒரு வருஷமாக அவன் சுற்றிப் போன தெரு. பத்து கிலோ இருநூறு என்று தராசு சொன்னது சரிதான், வீடு வருவதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. வழியில் இரண்டு வீட்டில் குழாய் சொட்டியது. அவன் காது எண்ணவில்லை, அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. புஷ்ரா கதவைத் தள்ளினாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"யாரு, சமீரா?" என்றது ஷாஹித்தின் அம்மாவின் குரல். "எத்தினி நாளாச்சிப்பா. உள்ள வா."